மடிப்புக் கலையாமல்

ஜனவரி 5, ஞாயிறு

கம்பெனியில் கொடுத்த டைரி. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒரு பம்புசெட் படம். சும்மா கிடக்கட்டும் என்று வைத்திருந்தேன். இன்று எழுத ஒன்று கிடைத்துவிட்டது.

இன்று பந்தயத் தடத்தில் கார் ஓட்டினேன்.

இந்த வரியை எழுதிவிட்டு இரண்டு நிமிடம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கார் பர்வீனுடையது. சரியாகச் சொன்னால் அவள் அண்ணன் ரியாஸுடையது. பர்வீன் என்னோடு டெஸ்டிங் செக்‌ஷனில் வேலை பார்க்கிறாள். ரியாஸ் ஒரு டாக்டரிடமிருந்து வாங்கிய பழைய ஜென் காரை உக்கடத்தில் ஒரு ஷெட்டில் நிறுத்தி, மூன்று வருடம் பிரித்துப் பிரித்துக் கோத்திருக்கிறார். பின்சீட் இல்லை, ஏ.சி. இல்லை, கதவுக்கு உள்பக்க அட்டைகூட இல்லை. கவிழ்ந்தால் ஆள் நசுங்காமல் இருக்க உள்ளே இரும்புக் குழாயில் ஒரு கூண்டு. இன்ஜின் வேறொரு பெரிய காருடையது. சக்கரங்கள் அகலம். ஸ்பிரிங் அத்தனை விறைப்பு; ஒரு கூழாங்கல் மேல் ஏறினாலும் பல்லில் தெரிகிறது. எல்லாம் முடிந்த மாதம் அவருக்குத் துபாயில் வேலை கிடைத்தது. "வண்டிய விக்காத, ஓட்டறதுக்கு ஆள் பாரு" என்று தங்கையிடம் சொல்லிவிட்டு விமானம் ஏறிவிட்டார். பர்வீனுக்கு ஸ்கூட்டியே பயம். போன தீபாவளிக்கு அப்பாவின் டெம்போவை எங்கள் சந்துக்குள் நான் ரிவர்ஸில் ஏற்றியதை அவள் பார்த்திருக்கிறாள். அதை நினைவில் வைத்து என்னைப் பிடித்தாள்.

"நான் பேச மாட்டேன், யார்கிட்டயும் எதும் கேக்க மாட்டேன்" என்றேன்.

"பேசறதெல்லாம் நான் பேசிக்கறேன்டி. நீ ஸ்டீயரிங்க மட்டும் புடி."

நான்கு சுற்று ஓட்டி நிறுத்தியதும், கொடி காட்டுகிறவர் ஒருவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு வந்தார். "இத்தன வருசத்துல இண்டிகேட்டர் போட்டுத் திரும்புன மொத ஆளு நீங்கதானுங்."

ஒவ்வொரு வளைவிலும் போட்டிருக்கிறேன். எனக்கே தெரியவில்லை. வளைவுக்கு முன்னால் ஹாரன் அடிக்கவும் பார்த்தேன். ரியாஸ் எடை குறைய அதையும் கழற்றிவிட்டிருந்தார். கட்டைவிரல் வெறும் தகட்டை அமுக்கிற்று.

ஒரு சுற்றுக்கு ஒரு நிமிடம் நாற்பத்தாறு நொடி. இருந்தவர்களில் கடைசி. வீட்டில் ஓவர்டைம் என்று சொல்லியிருக்கிறேன்.

ஜனவரி 6, திங்கள்

கழுத்து வலி. காலையிலிருந்து பம்புகள் ஓடின. சிரித்துக்கொண்டே அளவு குறிக்கிறேனாம், சூப்பர்வைசர் சொன்னார்.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். அப்பா டெம்போவைக் கழுவிச் சந்தனம் வைத்தார். நான் கொஞ்சம் குங்குமத்தைக் காகிதத்தில் மடித்தேன். அம்மா பார்த்துவிட்டாள்.

"அது ஆருக்கு?"

"ஆபீஸ் மிஷினுக்கும்மா."

"ஆயுத பூசை போயி மூணு மாசமாச்சு. இப்பத்தான் நெனப்பு வந்துச்சா உன்ற மிஷினுக்கு?"

கரும்பைக் கடித்தேன்.

எதற்கு மறைக்கிறேன் என்று ஒருமுறை எழுதிவிடுகிறேன். எங்கள் வீட்டில் முதல் பட்டம் என்னுடையது. அது கூடத்துச் சுவரில் இருக்கிறது. அம்மா வாரம் ஒருமுறை கண்ணாடியைத் துடைக்கிறாள். அம்மா திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங். இருபத்திரண்டு வருடமாக நின்றுகொண்டே செய்கிற வேலை. "நீ உக்காந்து செய்யற வேலைக்குப் போகோணும்" என்பதுதான் அவள் என்னிடம் கேட்ட ஒன்றே ஒன்று. உட்கார்ந்துதான் செய்கிறேன். ஆனால் நூற்றுப் பத்து கிலோமீட்டர் வேகத்தில் உட்கார்ந்திருப்பதை அவள் நினைத்திருக்க மாட்டாள். அம்மா வேண்டாம் என்று ஒரு சொல் சொன்னால் அதன்பிறகு என்னால் ஓட்ட முடியாது. அதனால் கேட்கவில்லை. அவ்வளவுதான்.

ஜனவரி 19, ஞாயிறு

குங்குமம் வைத்தும் மூன்று முறை சுழன்றேன். மூன்றும் நான்காவது வளைவில். சரிவில் இறங்கி இடதுபக்கம் திரும்ப வேண்டும். திரும்பும்போது வண்டியின் பின்பக்கம் தனக்கு வேறு வேலை இருப்பதுபோலக் கிளம்பிப் போகிறது. புல்லில் போய் எதிர்த்திசை பார்த்து நின்றேன். பயம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. மறுபடி எப்போது ஓட்டலாம் என்றுதான் இருந்தது.

இங்கே கிளெமென்ட் சார் என்று ஒருவர் இருக்கிறார். பரிசோதனை அதிகாரி. வண்டி, ஹெல்மெட், உடுப்பு எல்லாவற்றையும் பார்த்து அவர் ஸ்டிக்கர் ஒட்டினால்தான் பந்தயத்தில் இறங்கலாம். அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை என்று பர்வீன் விசாரித்து வைத்திருக்கிறாள்.

அவர் வந்து சொன்னார்: "நாலாவது கார்னர்ல நுழையறப்ப உங்க இன்ஜின் சத்தமே கேக்கலையேம்மா."

தலையை ஆட்டினேன். வேறென்ன செய்வது?

மார்ச் 9 அன்று புதியவர்களுக்கான பந்தயம். பிப்ரவரிக்குள் ஒரு நிமிடம் முப்பத்தைந்து நொடிக்குக் கீழே வந்தால் பெயர் கொடுக்கலாம். எனக்கு இன்று ஒன்று நாற்பத்தொன்று.

"பேரு குடுத்துட்டேன்" என்றாள் பர்வீன்.

"இன்னும் ஆறு நொடி இருக்குடி!"

"அது உன் பிரச்சனை. பேரு குடுக்கறது என் வேலை."

ஜனவரி 26, ஞாயிறு

இன்று தடம் இல்லை. அப்பாவோடு டெம்போவில் நூல் கோன் ஏற்றிக்கொண்டு அவிநாசியிலிருந்து சோமனூர் போனேன். ஒரு பாலத்தில் ஏறி இறங்கும்போது அப்பாவின் இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். உச்சியைத் தாண்டியதும் கை தானாகக் கியரைத் தட்டி நியூட்ரலுக்குக் கொண்டுபோனது. இன்ஜின் அடங்கியது. வண்டி சும்மா உருண்டது.

"அப்பா, எப்பவும் இப்படித்தானா?"

"எறக்கத்துல எதுக்கு டீசல் குடுக்கோணும்? அதுவாப் போகுது. உனக்கும் இப்படித்தான சொல்லிக் குடுத்தேன்?"

கத்திவிட்டேன். அப்பா பதறி பிரேக் போட்டார். பின்னால் நூல் பெட்டிகள் முட்டிக்கொண்டன.

"என்னாச்சு கண்ணு?"

"ஒண்ணுமில்லப்பா. ஒண்ணு ஞாபகம் வந்துச்சு."

நான்காவது வளைவின் சரிவில் என் கையும் இதைத்தான் செய்கிறது. பந்தயத் தடத்தில் பெட்ரோல் மிச்சம் பிடித்திருக்கிறேன்!

பிப்ரவரி 2, ஞாயிறு

ஒரு நிமிடம் முப்பத்து மூன்று, புள்ளி எட்டு.

சரிவில் மூன்றாவது கியரிலேயே பிடித்தேன். இடது கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொள்ளலாமா என்றுகூட நினைத்தேன். இன்ஜின் உறுமிக்கொண்டே வண்டியைப் பிடித்து வைத்திருந்தது. வளைவின் உள்விளிம்பை இடது சக்கரம் தொட்டது. வண்டி முழுக்க என் முதுகில் ஒட்டியிருந்தது போல. வெளியே வரும்போது என்னையறியாமல் "ஏய்" என்று கத்தினேன். இந்தத் தடத்தில் நான் பேசியதில் அதுதான் சத்தமானது.

பர்வீன் நேரத்தைக் குறித்த அட்டையைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். அவள் வாங்கித் தந்த ரோஸ் மில்க் அவள் குதித்த குதியில் என்மேலேயே கொட்டியது.

பந்தயத்துக்கு நெருப்புத் தாங்கும் உடுப்பு வேண்டும். ரியாஸுடையது இருக்கிறது. அவர் ஆறடி. நான் ஐந்தடி. போட்டுப் பார்த்தேன். "கொடிக்கம்பத்துல காயப்போட்ட மாதிரி இருக்கு" என்றாள் பர்வீன்.

அளவு குறைத்துத் தைக்க எனக்குத் தெரிந்த நல்ல கை ஒன்றுதான்.

பிப்ரவரி 4, செவ்வாய்

அம்மாவிடம் கொடுத்தேன். டெஸ்டிங் செக்‌ஷனுக்குப் புது யூனிபார்ம் என்றேன். கொடுக்கும் முன் கழுத்துக்குப் பின்னால் இருந்த லேபிளை வெட்டிக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டேன். அதில் பந்தயக் கார் படம் இருந்தது. எழுத்தைவிடப் படம்தான் ஆபத்து.

அம்மா போடச் சொல்லிக் குண்டூசி குத்தினாள். வாயில் நான்கு ஊசிகளோடு, "இது ஆரு அளவுல வாங்குனாங்க?" என்றாள்.

"எல்லாருக்கும் ஒரே சைஸும்மா."

"ஒசரமானவங்க கம்பெனியாட்ட இருக்குது."

பிப்ரவரி 6, வியாழன்

அம்மா அடுப்படியில் நின்று அந்த உடுப்பின் நூல் ஒன்றைத் தீயில் காட்டிக்கொண்டிருந்தாள். துணி என்னவென்று பார்க்க அவர்கள் கம்பெனியில் செய்கிற வழி. பாலியெஸ்டர் என்றால் உருகி மணியாகும். பருத்தி என்றால் சாம்பலாகும்.

"ரெண்டும் ஆகலியே" என்றாள்.

"கம்பெனியில குடுத்ததும்மா. எனக்கென்ன தெரியும்?"

இன்னொரு நூலை உருவிக் காட்டினாள். அது சிவந்தது, தீயை எடுத்ததும் அணைந்தது. அம்மா அதையே வெகுநேரம் பார்த்தாள். பிறகு பருப்பு வெந்துவிட்டதா என்று பார்த்தாள். தப்பித்தேன்.

பிப்ரவரி 9, ஞாயிறு

காலையில் அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து, கால் பக்கம் வெட்டியெடுத்த துண்டிலிருந்து நூல் நூலாகப் பிரித்து அட்டையில் சுற்றிக்கொண்டிருந்தாள். பெட்டி நிறைய நூல்கண்டு இருக்கும்போது இது எதற்கு? அம்மாவின் சிக்கனம் சில சமயம் புரிவதில்லை.

பிப்ரவரி 12, புதன்

"உன்ற ஓவர்டைம் எந்தத் தேதியோட முடியுது?" என்று அம்மா கேட்டாள். மார்ச் ஒன்பது என்றேன். காலண்டரைப் பார்த்தாள்.

பிப்ரவரி 16, ஞாயிறு

பயிற்சி. ஒன்று முப்பத்திரண்டு. டிபன் டப்பாவில் இரண்டு பேருக்கான தக்காளி சாதம் இருந்தது. "பர்வீனுக்கும் குடு. தண்ணி நெறயாக் குடி, வெயில்ல நிக்காத" என்று அம்மா சொல்லி அனுப்பினாள். எங்கள் செக்‌ஷனில் ஏ.சி. இருக்கிறது என்று அம்மாவுக்குப் பலமுறை சொல்லியிருக்கிறேன். மறந்துவிடுகிறாள்.

பிப்ரவரி 23, ஞாயிறு

உடுப்பு தயார். ஏற்றுமதிக்குப் போகிற பீஸ் மாதிரி மடித்து, நடுவில் மெல்லிய காகிதம் வைத்து, பிளாஸ்டிக் கவரில் போட்டு ஒட்டியே கொடுத்தாள்.

"போட்டுப் பாக்கட்டுமா?"

"என்ற அளவு எப்பத் தப்பிருக்குது? மடிப்புக் கலஞ்சுரும். போடற அன்னிக்குப் பிரி."

கையாலேயே தைத்ததாம். அந்தத் துணியில் மிஷின் ஊசி நிற்கவில்லை என்றாள். விரல் நுனியில் பிளாஸ்டர் ஒட்டியிருந்தது. பார்க்காததுபோல எழுந்து போனேன். இதை எழுதும்போது பார்த்ததாகவே வைத்துக்கொள்கிறேன்.

பிப்ரவரி 28, வெள்ளி

பந்தயத்துக்கு வருகிறவர்களுக்குப் பட்டியல் அனுப்பியிருக்கிறார்கள். ஆறாவது வரி: உடுப்பின் கழுத்தில் தரச்சான்று லேபிள் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அனுமதி இல்லை.

அந்த லேபிள்.

குப்பைக்கூடையைக் கவிழ்த்தேன். மூன்று வாரத்துக்கு முந்தைய குப்பை கூடையில் இருக்குமா? நகராட்சி வண்டி எத்தனை முறை வந்துபோயிருக்கும்!

"என்னத்தத் தேடற?" என்றாள் அம்மா.

"பேனா மூடி."

மார்ச் 1, சனி

பர்வீன் எனக்குமுன் அழுதாள். அப்புறம் திட்டினாள். "ஆறு நொடி கொறச்ச. ஹாரன் இல்லாம ஓட்டக் கத்துக்கிட்ட. கடைசில கத்திரிக்கோலால தோத்துட்டயேடி!" கடன் வாங்க வேறு உடுப்பு தேடினோம். என் அளவுக்கு யாரிடமும் இல்லை. கிளெமென்ட் சாரிடமே போய்க் கேட்டுப் பார்ப்போம் என்று முடிவு. கேட்க வேண்டியது நான்தான் என்றும் முடிவு. "வெட்டுனவதான் வாயத் தொறக்கோணும்."

மார்ச் 5, புதன்

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்று அடுப்படிக்குப் போனேன். தேங்காய் துருவித் தரச் சொன்னாள். துருவிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

மார்ச் 9, ஞாயிறு

வரிசையாக எழுதுகிறேன். இல்லாவிட்டால் ஏதாவது விட்டுப்போகும்.

காலை ஏழு மணிக்குப் பரிசோதனை. எங்கள் எண் பதினேழு. கிளெமென்ட் சார் வண்டிக்குள் தலையை விட்டுக் கூண்டைத் தட்டினார், பெல்ட்டை இழுத்தார், பேட்டரியைக் குலுக்கினார். ஹெல்மெட்டைத் திருப்பிப் பார்த்தார். பிறகு கையை நீட்டினார்.

"சூட்."

பிளாஸ்டிக் கவர் ஒட்டியபடியே இருந்தது. பர்வீன் வாயைத் திறந்தாள். அவள் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"சார்... அதுல லேபிள் இருக்காது சார். தப்பு என்மேலதான். அம்மாவுக்குத் தெரியக் கூடாதுன்னு நானே வெட்டிட்டேன். முன்னாடி இருந்துச்சு. நெஜமாவே இருந்துச்சு."

ஒரே மூச்சில் ஐந்து வாக்கியம். அறிமுகமில்லாத ஒருவரிடம் நான் இவ்வளவு பேசியதே கிடையாது.

அவர் கவரைப் பிரித்தார். காகிதத்தை எடுத்தார். காலரைத் திருப்பினார். பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி காலரைப் பார்த்தார்.

"அப்ப இது என்ன?"

லேபிள் இருந்தது. சின்னப் பந்தயக் கார் படத்தோடு, வெட்டிய விளிம்பு உள்ளே மடிந்து, நான்கு பக்கமும் எறும்பு போனதுபோலப் பொடித் தையல். நான் கத்திரியை இழுத்த இடத்தில் ஒரு நூல் பிசிறியிருந்தது; அதையும் சேர்த்துப் பிடித்துத் தைத்திருந்தது.

"பிரிச்சுத் தைச்சிருக்கு" என்றார் அவர். "அளவும் குறைச்சிருக்கு. சாதா நூல்ல தைச்சா இந்த சூட்டை நான் விட முடியாதும்மா. தீப்பிடிச்சா துணி நிக்கும், தையல் உருகிப் பிரிஞ்சுரும். யார் தைச்சது?"

"அம்மா."

"டெய்லரா?"

"பனியன் கம்பெனில செக்கிங் சார்."

சட்டைப்பையிலிருந்து லைட்டரை எடுத்தார். கால் பக்கத் தையலின் முடிச்சிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த நூல் நுனியைக் கத்தரித்துத் தீயில் காட்டினார். அது சிவந்தது. தீயை எடுத்ததும் அணைந்தது.

உருகவில்லை. சாம்பலும் ஆகவில்லை.

எனக்கு அடுப்படி, ஜன்னலோரம், அட்டையில் சுற்றிய நூல் எல்லாம் ஒன்றாக வந்து நின்றன. செக்கிங்கில் லேபிள் இல்லாத பீஸைத் தனியாகத் தூக்கிப் போட்டுவிடுவார்கள். அதை எனக்குச் சொன்னதே அம்மாதான். அவள் வீட்டுக் கூடையில் ஒரு லேபிளைப் போட்டுவிட்டு அவள் பார்க்க மாட்டாள் என்று நினைத்திருக்கிறேன். பட்டம் வாங்கிய புத்தி.

"அதே துணி நூலு" என்றார் கிளெமென்ட் சார். லேபிளில் இருந்த எண்ணைக் குறித்துக்கொண்டார். கைத்தையலை விரலால் நீவிப் பார்த்தார். "உங்கம்மாவுக்குத் தெரியக் கூடாதுன்னா வெட்டினீங்க?"

சிரித்தார். பர்வீன் சாட்சி.

ஸ்டிக்கரை ஒட்டினார்.

உடுப்பு அப்படியே பொருந்தியது. தோளில் பிடிக்கவில்லை, முழங்காலில் மடங்கவில்லை. ஸ்டீயரிங் பிடித்து உட்காரும்போது முதுகு இழுக்காமல் இருக்க அங்கே ஒரு மடிப்பு கூடுதலாக விட்டிருந்தாள். பம்பு அளவு குறிக்கிறவர்களின் யூனிபார்முக்கு அந்த மடிப்பு தேவையே இல்லை.

பன்னிரண்டு வண்டி, எட்டுச் சுற்று. பத்தாவது இடத்திலிருந்து கிளம்பினேன். கிளம்பச் சொல்லிச் சிவப்பு விளக்கு அணைந்ததும் கியர் சரியாக விழவில்லை. இரண்டு பேர் தாண்டிப் போனார்கள். கடைசி. பரவாயில்லை, அது எனக்குப் பழகிய இடம். அங்கிருந்து பார்த்தால் எல்லாரும் என்ன செய்கிறார்கள் என்று தெரியும். முன்னால் போன நீல வண்டி ஒவ்வொரு வளைவிலும் சீக்கிரம் திரும்பி, பிறகு அகலமாக வெளியே போனது. மூன்று சுற்று அதைப் பார்த்தேன். நான்காவதில் அது விட்ட இடத்தில் நுழைந்து தாண்டினேன். அதற்கு அடுத்தவர் வேகத்தைக் குறைக்கத் தாமதம்; அவரையும் தாண்டினேன். அதற்கு அடுத்த இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே போனார்கள், என்னைப் பார்க்கவில்லை. யாரும் என்னைப் பார்க்காமல் இருப்பது இத்தனை உபயோகமாக எனக்கு என்றுமே இருந்ததில்லை.

கடைசிச் சுற்று. நான்காவது வளைவின் சரிவு. முன்னால் ஒரு வெள்ளை வண்டி. மூன்றாவது கியரில் இன்ஜினைக் கத்தவிட்டு உள்பக்கமாக இறங்கினேன். தாண்டும்போது கட்டைவிரல் ஸ்டீயரிங் நடுவில் அமுக்கியது. ஹாரன் இல்லை. அதனால் வாயாலேயே "பாம்" என்றேன்.

ஏழாவது.

ரியாஸ் வீடியோவில் வந்தார். பர்வீன் போனைத் தலைகீழாகப் பிடித்திருந்தாள். அவரும் தலைகீழாகவே அழுதார்.

சாயங்காலம் வீட்டுக்கு உடுப்பைப் போட்டுக்கொண்டே போனேன். மறைக்க இனி என்ன இருக்கிறது? சந்தில் எல்லாரும் பார்த்தார்கள். அப்பா டெம்போவைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைப்பதை நிறுத்தாமல் கேட்டார்:

"நியூட்ரல்ல உட்டயா?"

"இல்லப்பா."

"பெட்ரோல் நெறயாக் குடிச்சிருக்குமே."

உள்ளே அம்மா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். நான் வாசல்படியில் நின்றேன். அம்மா கத்தியை வைத்தாள், கையைத் துடைத்தாள், என்னைச் சுற்றி வந்தாள். தோள், அக்குள், முழங்கால் என்று ஒவ்வொரு தையலையும் இழுத்துப் பார்த்தாள். காலரைத் திருப்பி லேபிளைத் தொட்டாள்.

"எங்கியாச்சும் பிரிஞ்சுதா?"

"இல்லம்மா."

"எத்தனாவது?"

"ஏழு."

"மொத்தம்?"

"பன்னெண்டு."

கணக்குப் போட்டாள். அஞ்சு பேருக்கு முன்னால். முகத்தில் எதுவும் மாறவில்லை. ஆனால் வெங்காயத்தை மறந்துவிட்டாள். ஸ்டூலை இழுத்துப்போட்டு அளவு நாடாவை எடுத்தாள்.

"இடுப்புல அரை இஞ்சு தொளதொளன்னு நிக்குது. அடுத்ததுக்கு முன்னாடி புடிச்சரோணும். கையத் தூக்கு."

இரண்டு கையையும் தூக்கினேன்.